விதைச் சாறும் தம்பியின் காதும்

ஆய்வுக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த தம்பியின் காதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பசி பறந்துவிட்டது. மேல்மடலில் ஒரு புண். ஓரம் தடித்து, பொருக்குத் தட்டி, அதனடியில் ரத்தம் கசிந்தது.

"எத்தனை நாளாடா இருக்கு?"

"அது மழைக்கு முன்னாடியே வந்துச்சு. நீ சாப்பாட்டைப் பிரி."

மழை ஓய்ந்து மாதக்கணக்காகிறது. கூரை போடுகிறவன், பகலெல்லாம் வெயிலில் கிடப்பவன். தலையில் தொப்பியையே காணோம்.

"தொப்பி எங்கே?"

அவன் பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். கடையில் வாங்கிய, திராட்சை விதைச் சாறு கலந்த களிம்பு.

"உன் மருந்து இருக்கையில தொப்பி எதுக்கு? இனி வெயிலுக்குப் பயமில்லைன்னு உங்க டைரக்டரே டிவியில சொன்னாரே! கூரையில எல்லாருக்கும் நான்தான் தடவிவிடுறேன். புண்ணுக்கும் போடுறேன்."

அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மொட்டை முதுகில் அந்தச் சாற்றைத் தடவியவளே அவள்தான். தடவிவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டால் புற்றுக்கட்டிகள் குறைவாக வந்தன. அவ்வளவுதான். கட்டி வந்துவிட்ட எலிக்கு அது ஒன்றும் கிழிக்கவில்லை. மனிதத் தோலில் சோதனையே தொடங்கவில்லை. எல்லாவற்றையும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். டைரக்டர் முதல் வரியோடு டிவிக்கு ஓடிவிட்டார்.

"முட்டாளே, நீ என்ன எலியா?"

"நீ கண்டுபிடிச்சதை நானே நம்பலைன்னா வேற எவன்க்கா நம்புவான்?"

அவள் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள். அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிக்கு இழுத்துப் போனாள். டைரக்டர் அறையில் அன்றும் பேட்டி நடந்துகொண்டிருந்தது. கேமரா விளக்குக்கு நேரே தம்பியின் காதைத் திருப்பினாள்.

"இதையும் படம் பிடிக்கச் சொல்லுங்க சார். உங்க பேச்சைக் கேட்டுத் தொப்பியைக் கழட்டினவன். இது புற்றாக்கூட இருக்கலாம்; டாக்டர்கிட்ட போகாம இதுல களிம்பு பூசுறான்."

"கேமராவை நிறுத்துப்பா!" என்றார் டைரக்டர். "அம்மா, நாம இன்னும் ஆராய்ச்சிதான் பண்ணிட்டிருக்கோம்..."

"அதை அன்னைக்கே டிவியில சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

கேமராக்காரர் நிறுத்தவில்லை. அவர் விரல்கள் மெல்ல, வெயிலில் கறுத்த பிடரியைத் தடவிப் பார்த்தன.

"வாக்கா, மானம் போகுது."

"போகட்டும். நீ ஆஸ்பத்திரிக்கு நட."

படியிறங்கும்போது அவன் காதைத் தொட்டுப் பார்த்தான். "காதை வெட்டிருவாங்களாக்கா?"

"வெட்டினா வெட்டட்டும். எனக்கு நீ வேணும்."

வாசலில் வெயில் கொளுத்தியது. தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவன் தலையில் வீசினாள். அவன் அதை முக்காடாகப் போட்டுக்கொண்டு போனை எடுத்தான்.

"டேய், எல்லாரும் தொப்பியை மாட்டுங்கடா. ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல மாட்டுங்க!"