ஆளுக்குப் பதில் தோல் கட்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. மழைக்காலச் சேற்றில் எந்த வண்டி நன்றாக ஏறும் என்று ஒரு கட்டுரை எழுதத்தான் ஆம்பூர் போனேன். அங்கே ஒரு ஷூ கம்பெனிக்காக மூன்று வண்டிகளை மலைப் பாதையில் ஏற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெண் ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பெயர் இரம். வேலைக்கு ஆள் எடுப்பதும் அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவள் பொறுப்பு. "எந்த வண்டிங்க ஜெயிச்சது?" என்று கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். கட்டுரை அதோடு போயிற்று.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மேகங்கள் தவழும் மலையின் மடியில், செம்மண் பாதை ஒரு—"

வேண்டாம். அந்தப் பாதையில் நடந்தவர்கள் யாரும் அதை மடி என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் தேவலை.

ஆம்பூருக்கு மேலே ஒரு மலைக்கிராமத்திலிருந்து பன்னிரண்டு பெண்களை வேலைக்கு எடுக்கலாம் என்று இரம் சொன்னாள். வீடு வீடாக ஏறி இறங்கி, அப்பன்மாரிடமும் புருஷன்மாரிடமும் வாதாடிச் சம்மதம் வாங்கியவள் அவள்தான். தார் ரோடு பாதி மலையோடு நின்றுவிடும். மேலே வெறும் மண். மேனேஜர் ஜெயசீலன் மூன்று வண்டிகளை வரவழைத்தார்.

"மூணுல ஒண்ணு சொல்லுங்க மேடம். மழைல ஏறணும், ஷிஃப்ட்டுக்கு டைமுக்கு வரணும். எதுவும் தேறலன்னா மலை ஆளுங்க நமக்கு வேணாம், கீழ பள்ளிகொண்டா பக்கம் ஆள் பாத்துக்கலாம்."

3

இனி வண்டிகள். கட்டுரைக்காகச் சேர்த்து வைத்ததை வீணாக்க எனக்கு மனமில்லை.

பழைய ஜீப்புக்கு எடை கம்மி, டயரும் ஒல்லி. ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. ஆனால் ஆறு பேர்தான் உட்காரலாம். இரண்டு நடை அடித்தால் இரண்டாவது நடைக்காரிகள் சாப்பாட்டு மணிக்குத்தான் வந்து சேருவார்கள்.

அடுத்தது டிராக்டர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இதற்குச் சறுக்கவே இல்லை. ஆனால் டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஜெயசீலன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

மூன்றாவது, நாலு சக்கரமும் இழுக்கிற உயரமான வேன். அகலமான டயர் சேற்றில் அமுங்காமல் மேலாகவே போனது. ஒரு சக்கரம் வீணாகச் சுற்றினாலும் மற்றவை இழுத்துக்கொண்டன. பன்னிரண்டு பேரும் தாராளமாக உட்காரலாம்.

சரி, பன்னிரண்டு பேர் எடைக்கு என்ன செய்வது? தோல் ஊரில் அதற்கா பஞ்சம்! குடோனிலிருந்து தோல் கட்டுகளைக் கொண்டுவந்து, வேனின் தரையில் சீட்டுகளுக்கு நடுவே அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். எடை சரியாக வந்தது.

(தோல் கட்டு வைத்த இடத்தில் கிடக்கும். சீட்டு உயரத்துக்கு எழுந்து உட்காராது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அலறிக்கொண்டு அந்தப் பக்கமே போய் விழாது. இது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.)

4

வேடிக்கை பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்தவர்களில் முத்துமாரியும் ஒருத்தி. பன்னிரண்டு பேரில் சின்னவள். சும்மா நிற்கத் தெரியாதவள்.

"அக்கா, நானும் ஏறிக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்க்கா. இவ்ளோ பெரிய வண்டில போனதே இல்ல. நாங்க எல்லாரும் ஏறிக்கிறோம், இந்தத் தோலை கீழ தள்ளுங்க."

இரம் சிரித்தாள். "வேணாம் முத்துமாரி. வழில ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது? தோல் உழுந்தா துடைச்சிக்கலாம்."

(இந்த வசனத்தை நான் நம்பவில்லை. இவ்வளவு பொருத்தமாக யாராவது பேசுவார்களா? எழுதுகிறவன் செருகியது போல இருக்கிறதே என்று இரமிடமே கேட்டேன். "அப்படியேதான் சொன்னேன்" என்றாள். அக்கறையாகச் சொன்ன வார்த்தை. அலட்சியமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலிக்காது என்று நினைக்கிறேன்.)

5

தோல் கட்டுகளோடு வேன் ஏறிவிட்டது; இரம் அதையே தேர்ந்தெடுத்தாள். ஒரு வருஷம் ஓடியது. முத்துமாரி ஷூவின் மேல்தோல் தைக்கக் கற்றுக்கொண்டு, மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாதவள் ஆனாள். அடுத்த ஐப்பசியில் விடாமல் மழை. மேலே, பாதை பள்ளத்துப் பக்கம் சரிந்திருக்கும் ஒரு வளைவு. அங்கே வேனின் ஒரு பக்கச் சக்கரங்கள் அமுங்கின. பெண்கள் பயந்து கத்தி, தாழ்ந்த பக்கமாகவே சரிந்தார்கள். வேன் மெதுவாக, மாடு படுப்பது மாதிரி, படுத்துக்கொண்டது.

யாரும் சாகவில்லை. முத்துமாரியின் வலது முழங்கால் மட்டும் சீட்டுக் கம்பியில் மாட்டி நொறுங்கியது. இப்போது அது மடங்காது. மெஷின் பெடலை மிதிக்க முடியாது.

6

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் இரம் வேலையை விடுகிறாள். (விடவில்லை. வீட்டில் அவள் சம்பளம்தான்.) இன்னொன்றில் முத்துமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு "போனது போகட்டும்க்கா" என்கிறாள். (ஆஸ்பத்திரிக்குப் பிறகு இரம் அவளைப் பார்க்கவே இல்லை. மலை அடிவாரம் வரை போய்த் திரும்பிவிடுகிறாள்.)

இரண்டையும் கிழித்துப் போட்டேன். அப்போது இரமே கேட்டாள்: "கதையிலயாவது அன்னைக்கு அவங்கள ஏத்துங்களேன்."

ஏற்றினேன். தோல் கட்டுகளை இறக்கிவிட்டு, பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்தேன். வளைவில் வேன் சாய்ந்தது. பதமான சேறு, எல்லாரும் உருண்டு எழுந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். இந்த வண்டி வேண்டாம் என்று இரம் முடிவு செய்தாள். படித்துக் காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அவகிட்டயும் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

மலை ஏறினேன். முத்துமாரி காலை நீட்டியபடி கேட்டாள்.

"சேத்துல உழுந்து சிரிக்கிறோமே, அது நல்லாருக்கு" என்றாள். பிறகு, "வேன் வேணாம்னுட்டாங்க, சரி. அப்புறம் எங்கள இட்டுனு போக இன்னா வண்டி வந்துது?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியிருந்தால்தானே இருக்கும்.

"வரல" என்றேன்.

"அப்ப நான் வேலைக்கே போவலையா?"

தாளை மடித்தேன்.

"காலைக் குடுக்கறதுக்கு அந்த ஒரு வருசத்தை எடுத்துடுவீங்களா? எனக்கு ரெண்டும் வேணும். எழுதத் தெரிஞ்சவங்கதானே, ரெண்டையும் வெச்சு எழுதுங்க."

7

கீழே வந்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஜீப்பை நீட்டிப் பார்த்தேன். பாதைக்குத் தார் போட்டு எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். கடைசியில் கிடைத்துவிட்டது. அதே வேன்தான். சோதனையின்போது ஆள் ஏறுகிறார்கள், வளைவில் வேன் சாயப் பார்க்கிறது, எல்லாரும் குதித்து இறங்குகிறார்கள். அன்றிலிருந்து மழை நாளில் அந்த வளைவு வந்தால் வேன் நிற்கும். பெண்கள் இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பேசியபடியே நடந்து தாண்டி, அந்தப் பக்கம் மறுபடி ஏறிக்கொள்வார்கள். அவ்வளவுதான். கால் இருக்கிறது, வருஷமும் இருக்கிறது.

இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

இரம் நேற்றும் போன் செய்தாள். "முத்துமாரி இன்னா சொன்னா? கதை முடிஞ்சுதா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். முடிவு என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அவளுக்குப் படித்துக் காட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.