மேல் வானூர் பஸ்

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வானூருக்குக் கிளம்பிய பஸ் கெடிலம் பாலத்தில் ஏறியது, இறங்கவில்லை. ஏறின வாக்கிலேயே வானத்துக்குப் போய்விட்டது. பாலத்தில் நின்ற சனங்களுக்கு வாய் மூடவில்லை. கரும்பு ஜூஸ்காரர் மெஷினை நிறுத்த மறந்துவிட, ஜூஸ் ரோட்டில் ஓடியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி விசில் ஊதிக்கொண்டே போனார். எல்லார் கையிலும் செல்போன் இருந்தும் ஒருவரும் படம் எடுக்கவில்லை. பார்க்காத ஆட்கள்தான் இன்றைக்கும் விவரமாகச் சொல்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

காரணம் எழிலரசி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டிய கொளஞ்சியப்பனின் மகள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கதை எழுதுவது அவள் தொழில். நடக்காததை நடந்த மாதிரி எழுதுகிறவர்களிடம் தள்ளி நிற்பதே நல்லது. அவள் அப்பா அப்படித்தான் நின்றார். மகள் எழுதியதில் ஒரு வரி படித்தவரில்லை. அவளுடைய முதல் நாவலில் மேகத்துக்கு மேலே ஒரு நகரம் வரும். அவள் வைத்த பேர் வான் ஊர். சிதம்பரத்தில் பதிப்பகம் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி, அச்சுக்கு அடிக்கும்போது நடுவிலிருந்த இடைவெளியை விட்டுவிட்டார். புதுச்சேரி தாண்டி வானூர் என்று நிஜமாகவே ஒரு ஊர் இருப்பது அவருக்குத் தோன்றவில்லை. புத்தகம் சக்கைப்போடு போட்டது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதை மனப்பாடம் செய்தார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளைகள்தான். கண்டக்டர் "வானூர், வானூர்" என்று கூவினார், அவர்கள் நம்பிவிட்டார்கள். அவ்வளவு பேர் நம்பின பிறகு டிரைவர் பிரேக்கை மிதித்து என்ன பிரயோசனம்?

கீழே இருக்கிற வானூரில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய கொளஞ்சியப்பனும் அதே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தார். மேலே சிக்னல் நன்றாகக் கிடைத்தது. "பசங்க குஷியா இருக்குதுங்க. எனக்குத்தான் சோத்துக்கு வழியில்ல" என்றார் மகளிடம் போனில். நாவலில் அந்த ஊர்க்காரர்கள் பஞ்சுமிட்டாய் மேகத்தைப் பிய்த்துத் தின்பார்கள், தேன் மழையைக் குடிப்பார்கள். வேறு ஆகாரம் எதையும் எழிலரசி எழுதவில்லை. கொளஞ்சியப்பனுக்கோ சர்க்கரை வியாதி. மாத்திரை சட்டைப் பையில் இருந்த அந்த ஒரு அட்டைதான். "ஒரு கூழு, ஒரு மோர் மொளகா எழுதக் கூடாதா பாப்பா? அதுக்கு ஒனக்கு என்னா கேடு?" என்றார்.

அவள் அம்மா தங்கம்மாள் அழவில்லை. "எழுதித்தானடி ஏத்தி வுட்ட? எழுதியே எறக்கு" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தாள். எழிலரசி நோட்டுப் போட்டு எழுதினாள். ஒன்றும் நடக்கவில்லை. அச்சாகி, பிள்ளைகள் படித்து நம்பினால்தான் நடக்கும் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சிதம்பரத்துக்கு ஓடினாள். இரண்டாம் பாகம் முந்நூறு பக்கமாவது வேண்டும், புத்தகக் காட்சிக்குப் போடலாம் என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஒரு ஸ்பேஸ் போனதுக்கா இவ்ளோ கலாட்டாம்மா?"

"அந்த ஸ்பேஸ்லதான் சார் எங்கப்பா இருக்காரு."

ஒரே பக்கமாவது அச்சடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். நோட்டீஸ் போட்டால் இனிமேல் எவனும் எழுத்தாளர் என்று மதிக்க மாட்டான், முதல் நாவலுக்கு வரப்போகிற பரிசும் வராது என்றார் அவர். அதற்குள் போனில் அப்பாவின் நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடிக்கிற கடையில் மஞ்சள் தாளில் ஒரு பக்கம் அடித்து, சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் பள்ளிக்கூட வாசல்களில் நின்று அவளே கொடுத்தாள். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே படித்தார்கள்.

பஸ் வந்துவிட்டது. "திரும்பி வந்து கடலூரில் நின்றது" என்று எழுதியிருந்தாள். அவசரத்தில் "தரையில்" என்பது விட்டுப்போயிற்று. ஆகவே பஸ், ஸ்டாண்டுக்குள் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. மறுபடி சனங்கள் கல்லாய்ச் சமைந்தார்கள். பூ விற்கிற செல்லாயி மட்டும் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிள்ளைகள் குதித்தார்கள். கொளஞ்சியப்பன் உதடு வெடித்து, கண் குழிந்து, ஸ்டூலில் கால் வைத்து இறங்கினார். மகளை ஏற இறங்கப் பார்த்தார். "டீ சொல்லு. சக்கரை வேணாம்" என்றார்.

பரிசு வரவில்லை. நோட்டீஸ்காரி என்ற பேர்தான் வந்தது. இரண்டாம் பாகம் பிறகு முழுசாகவே வந்தது; முதல் பக்கத்திலேயே ஒரு கூழ்க்கடை. கொளஞ்சியப்பன் இப்போது மகள் எழுதுவதை எல்லாம் அச்சுக்குப் போகும் முன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். நம்பிக்கையில் இல்லை, பயத்தில். பஸ்ஸை மாற்றி எழுத யாரும் முனையாததால் அது இன்றைக்கும் இடுப்பு உயரத்தில்தான் வந்து நிற்கிறது. மேல் வானூரா, கீழ் வானூரா என்று கேட்டுத்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார். செல்லாயியின் ஸ்டூலும் அங்கேயே கிடக்கிறது. அதில் ஒரு கால் ஆட்டம். பார்த்து ஏற வேண்டும்.