ஒச்சாயி வேலையை விடாத வருடம்

"அப்படின்னா இருபத்தஞ்சு வருஷமா நான் வேலையே பாக்கலைன்னு சொல்றீகளா?"

"வேலை பாத்தீங்கக்கா. அதை யாருங்க இல்லைங்கறா? சர்வீஸ்தான் இல்லீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"கம்ப்யூட்டருக்கு வேற வேறங்க."

வெள்ளியங்கிரி திரையை ஒச்சாயியின் பக்கம் திருப்பினார். அவிநாசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய பிரவுசிங் சென்டருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். பனியன் கம்பெனி ஆட்களுக்கு அன்றுதான் விடுமுறை. பி.எஃப். எடுக்க ஒரு விண்ணப்பத்துக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்குவார். ஒச்சாயிக்கு இதுவரை ஆறு முறை அவர்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். ஏழாவது முறைக்காக, வேலையை விடும் முன் வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிசெய்து வைக்க வந்தவள், ஓடிபி வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில், சும்மா பேச்சுக்கு, அம்பத்தெட்டு வயதுக்கு மேல் நமக்கெல்லாம் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டாள்.

"கம்பெனிக்காரன் கட்டற பணத்துல ஒரு பங்கு பென்ஷனுக்குப் போகுதுங்க. பத்து வருஷம் சேந்தா, அம்பத்தெட்டுல இருந்து மாசாமாசம் வரும். நீங்க ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுட்டு வந்து பி.எஃப். பணத்தோட அந்தப் பங்கையும் சேத்தித்தான் எடுத்தீங்க. எடுத்ததும் சர்வீஸ் அழிஞ்சுரும். அடுத்த கம்பெனில மறுபடி ஒண்ணாம் நாள். இப்ப உங்க பேர்ல இருக்கறது ரெண்டு வருஷம் ஏழு மாசம். அவ்வளவுதானுங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே." அவர் சிரித்தார். "நான் எல்லாருக்கும் இதைச் சொல்லிட்டு இருந்தா, கடையைச் சாத்திப்போட்டு நானும் பனியன் கம்பெனிக்குத்தான் வரோணும்."

ஓடிபி வந்தது. ஒச்சாயி அந்த ஆறு இலக்கங்களையும் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

ஒச்சாயி குடியிருந்த லைன் வீடுகளில் பி.எஃப். எடுப்பது கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. மூன்று, நான்கு வருடம் ஒரு கம்பெனியில் இருப்பார்கள். தேவை வந்ததும் வேலையை விடுவார்கள். கடைசி நாளன்று டீ நேரத்தில் எல்லோருக்கும் முட்டை பஜ்ஜி. இரண்டு மாதம் வீட்டில் இருந்தால்தான் பணம் முழுதாக வரும் என்பதால், அந்த இரண்டு மாதத்துக்கு 'பி.எஃப். லீவு' என்று பெயர்கூட இருந்தது. அதில் ஊருக்குப் போவார்கள், வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், தள்ளிப்போட்ட வைத்தியத்தைப் பார்ப்பார்கள். பணம் வந்ததும் வேறொரு கம்பெனியின் கேட்டில் போய் நிற்பார்கள். ஒச்சாயியின் முதல் பி.எஃப். மகளுக்குக் காது குத்தியது. இரண்டாவது, பீரோ. மூன்றாவது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். கடைசியாக எடுத்தது மகளின் கல்யாணத்தில் கரைந்தது. மகள் இப்போது அவிநாசிபாளையத்தில் இருக்கிறாள். எதுவுமே வீணான செலவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ஒச்சாயிக்கு விநோதமாக ஒன்று தோன்றியது. ஆறு கம்பெனிகளின் கேட்டிலிருந்து ஆறு ஒச்சாயிகள் வெளியே வருகிறார்கள். ஒவ்வொருத்தியும் கை நிறையப் பணத்தோடு நாலு எட்டு நடந்து, வெயிலில் அப்படியே கரைந்துபோகிறாள். மிச்சம் இருப்பது இந்த ஏழாவது ஒச்சாயிதான். வயது நாற்பத்தொன்பது. சர்வீஸ் இரண்டு வருடம் ஏழு மாதம்.

கணவன் ராமர் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாரம் முழுக்கக் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக நீராவியில் நிற்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை தன் சட்டையையும் தானேதான் தேய்ப்பார். மற்றவர் தேய்த்தால் காலர் படியாது என்பார்.

"என்னைக்கு வரும்?" என்றார், தலையைத் தூக்காமல்.

"எடுக்கலை."

தேய்ப்புப் பெட்டி நின்றது.

உசிலம்பட்டியில் அவருடைய தங்கை மகனுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் செய்முறைக்கு அறுபதாயிரம் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்து, தங்கையிடம் வாயாலும் சொல்லிவிட்டிருந்தார். ஒச்சாயியின் கணக்கில் இருந்தது அறுபத்தோராயிரம்.

"இந்தா பாரு. அங்க மைக்குல பேரைச் சொல்லி வாசிப்பாங்கெ. தாய்மாமன் ராமர்னு சொல்லிட்டு ஒரு நொடி நிப்பாட்டுவான். அந்த ஒரு நொடியில ஊரே காதைத் தீட்டிக்கிட்டு இருக்கும்."

"தெரியும். நானும் அந்தப் பந்தியில சாப்பிட்டவதான்."

"போட்ட மொய் எங்கயும் போகாது ஒச்சாயி. நாளைக்கு நம்ம வீட்டு விசேசத்துக்குத் திரும்பி வரும்."

"நம்ம வீட்டுல இனிமே என்ன விசேசம்? மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. அடுத்து நம்ம ரெண்டு பேரு சாவுதான். அதுக்கு வர்ற மொய்யை நீங்க எந்திரிச்சு வந்து வாங்குவீகளா?"

ராமருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்ததில் அவருக்குக் கோபம்.

"பென்ஷன் எவ்வளவு வருமாம்?"

"பத்து வருஷம் முடிஞ்சா மாசம் ஆயிரத்து எண்ணூறு மாதிரி."

"ஆயிரத்து எண்ணூத்துக்கா ஏழரை வருஷம் காத்திருக்கப் போற?"

"அதுபோக பி.எஃப். பணம் வட்டியோட மூணு, மூணரை லட்சம் ஆகுமாம். எடுக்காம இருந்தா."

"எடுக்காம இருந்தா," என்று அவர் திருப்பிச் சொன்னார். அவர்கள் வாழ்க்கையில் எதையும் எடுக்காமல் இருந்ததில்லை.

அன்று முடிவாகவில்லை. அடுத்த பத்து வாரம் இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள். ஆவணியில் ஊருக்குப் போனார்கள். ஒரு கிராம் மோதிரமும் பத்தாயிரமும். மைக்கில் 'தாய்மாமன் ராமர்' என்று சொல்லிவிட்டு மொய் வாசித்தவன் நிறுத்தியபோது ஒச்சாயி கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாசித்தான். அடுத்த பெயரையும் வாசித்தான். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். சாயங்காலம் தங்கை வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அறுபதுன்னு சொன்னயே" என்று ஒரு தடவை கேட்டாள். ராமர், "உங்க அண்ணி பென்ஷன் வாங்கப் போறா" என்றார். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று ஒச்சாயியால் பிரிக்க முடியவில்லை. தங்கை அதன் பிறகு இரண்டு மாதம் போன் பண்ணவில்லை. மூன்றாவது மாதம், அந்தப் பென்ஷன் எனக்கும் கிடைக்குமா என்று கேட்டுப் பேசினாள்.

இதற்கிடையில் சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலிருந்து ஒரு பெண் வந்து, கம்பெனி கேன்டீனில் சேமிப்பு, மியூச்சுவல் ஃபண்ட் பற்றி வகுப்பு எடுத்தாள். செக்கிங் பிரிவில் ஒச்சாயியின் பக்கத்து மேஜைக்காரி காத்தூன் பீவி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். திருப்பூர்க்காரி. ஐம்பது வயது. கம்பெனியில் தைக்கும் குழந்தைகள் பனியனில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண்.

"கம்பெனிக்காரன் ஓடிப்போயிட்டா யாருங்க பொறுப்பு?" என்பதுதான் காத்தூன் பீவியின் முதல் கேள்வி. நகைச் சீட்டு கட்டிய கடையின் ஷட்டர் இறங்கியபோது வெளியே நின்றவள் அவள்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் ஓட முடியாதபடி பணம் எங்கே இருக்கும், யார் மேற்பார்வை, ஏறும், ஆனால் இறங்கவும் செய்யும், சீக்கிரம் வேண்டிய பணத்தை இதில் போடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். 'இறங்கவும் செய்யும்' என்று அவள் ஒளிக்காமல் சொன்னது ஒச்சாயிக்குப் பிடித்திருந்தது. இதற்கு முன் லைன் வீட்டுக்கு வந்து ஆசை காட்டிய யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

ஒச்சாயி மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் சேர்ந்தாள். ஐம்பது கம்பெனிகளில் ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகத் தன் பணம் கிடக்கிறது என்பதை அவள் ரசித்தாள். காத்தூன் பீவிக்கு வட்டித் தொழில் கலக்காத ஃபண்ட் வேண்டியிருந்தது. அப்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, பள்ளிவாசலில் விவரம் கேட்டுத் தெளிந்து, பணம் போட அவளுக்கு மூன்று வாரம் ஆனது. "பொண்ணு பாக்கறப்பக்கூட இத்தனை விசாரிக்கலை" என்றாள்.

ஐந்தாவது மாதம் பங்குச் சந்தை விழுந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு போட்டிருந்த இடத்தில், கைப்பேசி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து என்று காட்டியது. டீ நேரத்தில் ஒச்சாயி அதைப் பார்த்தாள். டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஒரு வாரத்துக் காய்கறி யாருமே சாப்பிடாமல் காணாமல் போயிருந்தது.

"எடுத்துரலாமா பீவிக்கா?"

"எதுக்கு எடுக்கோணும்? இப்ப உனக்குக் காசு வேணுமா?"

"வேண்டாம்."

"அப்பறம் என்னத்துக்கு?"

"குறையுதே."

காத்தூன் பீவி செக்கிங்குக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் கட்டிங்கில் இருந்தவள். துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த பக்கத்தைத் தாடையால் காட்டினாள். அங்கே சாயப்பட்டறையிலிருந்து காலையில் வந்த ரோல்களைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகச் சும்மா போட்டிருந்தார்கள். பின்னலாடைத் துணியை வந்த உடனே வெட்டக் கூடாது. இழுபட்டு வந்த துணி ஒரு நாள் கிடந்து தன் அளவுக்குத் தானே சுருங்கி அடங்க வேண்டும்.

"அவசரப்பட்டு இன்னைக்கே கத்தி வெச்சா என்னாகும்?"

"அளவு தப்பும். மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

"உனக்குத் தெரியாததையா நான் சொல்லீட்டேன்? போய்ப் பீஸைப் பாரு. மூணு ஓட்டையை உட்டுட்ட காலைல இருந்து."

ஒச்சாயி கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். துணி வேறு, பணம் வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. துணி ஒரு நாளில் அடங்கிவிடும். இது எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பது ஒன்றும் அவளுக்குப் புதிய வேலை அல்ல, கூலி இல்லாமல் காத்திருப்பதுதான் புதிது. அடுத்த மாதமும் ஐந்நூறு போனது. மாதம் ஒரு தடவை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். பிறகு அதையும் மறக்க ஆரம்பித்தாள். ராமர்தான் இப்போது கேட்கிறார், படுக்கும்போது, யாரோ தூரத்து உறவினரை விசாரிப்பது போல: "உன் அம்பது கம்பெனியும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காம்."

"ஒருத்தனும் கறிசோறு போடக் கூப்பிடலையே."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, கம்பெனி அறிவிப்பு ஒட்டியது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட செக்கிங் பெண்கள் எல்லோரும் அடுத்த மாதத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டரின் கீழ் பீஸ் ரேட்டுக்கு மாறலாம். கையில் மாதம் இரண்டாயிரம் கூடுதலாக வரும். பி.எஃப். பிடித்தம் கிடையாது. 'மாறலாம்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் மாறுகிறவர்களின் பட்டியல் ஏற்கனவே அச்சாகி, ஒச்சாயியின் பெயரும் அதில் இருந்தது.

டீ நேரத்தில் பெண்கள் சந்தோஷமாக வரிசையில் நின்றார்கள். இரண்டாயிரம் என்பது ஒரு வீட்டு வாடகையில் பாதி. கையெழுத்துப் போட்டு வந்தவர்களில் ஒருத்தி, "நோம்பி வருது புள்ள, துணிமணி எடுக்கோணும், சீக்கிரம் போடு" என்று ஒச்சாயியைத் தட்டிவிட்டுப் போனாள். ஒச்சாயிக்கு அந்த இரண்டாயிரம் ஆசையாகத்தான் இருந்தது. அதை அவள் மனதுக்குள் நேராகவே பார்த்தாள். கேஸ் சிலிண்டர், மளிகைக்கடைப் பாக்கி, ராமரின் முதுகுவலித் தைலம். எல்லாம் உடனே கைக்கு வருகிற விஷயங்கள். பென்ஷனோ இன்னும் வராத ஒரு வயதில், இன்னும் பார்க்காத ஒரு கிழவிக்கு வரப்போவது. அந்தக் கிழவி யாரிடமும் கை நீட்டாமல் மாதத்தின் ஒரு நாளில் வங்கி வாசலில் நிற்பதை ஒச்சாயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள் அந்தக் கிழவி.

அவள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் புரொடக்ஷன் மேனேஜர் அருள்குமார் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குன்னத்தூர்க்காரர். யாரையும் அதட்டிப் பேசாதவர். காத்தூன் பீவி ஒச்சாயிக்குப் பின்னால் நின்றாள். அவள் தன் பேனாவைத் திறக்கவேயில்லை.

"இங்க போடுங்கக்கா," என்று அருள்குமார் விரலை வைத்துக் காட்டினார்.

"இதுல போட்டா பி.எஃப். நின்னுரும்ல சார்?"

"ஆமாங்க. ஆனா அதுதான் கையில சேத்தி வருதுங்களே. பி.எஃப். எப்படியும் எடுத்துப்போட்டுத்தான போவீங்க எல்லாரும்?"

"போவோம் சார். ஆறு தடவை போயிருக்கேன்."

அவர் சிரித்தார். ஒச்சாயியும் சிரித்தாள். கேன்டீன் பக்கத்திலிருந்து டீ டம்ளர்கள் கழுவுகிற சத்தம் வந்தது. இடைவேளை முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை.

"லிஸ்டு மேல இருந்து வந்ததுங்கக்கா," என்றார் அவர், சற்று மெதுவாக. "எங்கையில ஒண்ணும் இல்லீங்க."

"உங்க கையில இல்லைன்னா யார் கையில இருக்கோ அவுகளைக் கேட்டுச் சொல்லுங்க சார். ஓட்டை விட்டா கூலியைப் பிடிச்சுக்கங்க. லைனை மாத்திப் போட்டாலும் போறேன். எனக்கு இன்னும் ஆறு வருஷம் ஒம்பது மாசம் இருக்கு. அதுவரைக்கும் என் பேரை மட்டும் கம்பெனி ரோல்லயே விட்டுருங்க."