சுத்தம் செய்த ஒலி

நதாலி அந்த டிவிடி பெட்டியை மேசைமேல் வைத்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைப்படத்தில் பெல்லா! போலந்துக் கிழவி ஒருத்தியின் தோளில் கை வைத்தபடி, நாற்பது வயது அழகோடு நிற்கிறாள். அந்த ஆவணப்படத்தை எடுத்த என் கணவர் லூசியனின் பெயர் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தமாதிரி.

"மொழிபெயர்க்க வந்தவளுக்கு முன்பக்கமா?" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியாம்மா? அப்பா கேமராவுக்குப் பின்னால நின்னவரு. அவர் முகம் எப்படி வரும்?" என்றாள் மகள்.

நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய் எடுத்த படம். ஆறு வருடம் லூசியனும் பெல்லாவும் ஒரே காரில், ஒரே விடுதியில். நான் பாரிஸில், நதாலியின் வீட்டுப்பாடத்தோடு. வேலைதானே என்று விட்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு பயணம் முடிந்தும் அந்த மனிதர் சீட்டியடித்துக்கொண்டே படியேறி வருவார். வாசலிலேயே ஒரு ஜோக். செத்தவர்கள் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவர் இப்படியா சிரிப்பார்? அவளோடு கும்மாளம் போட்டுவிட்டு வருகிறார் என்று அன்றே முடிவு கட்டினேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

நதாலி படத்தைப் போட்டாள். பழைய பிரதியில் ஒரே இரைச்சலாக இருக்கும். இப்போது ஒலியைச் சுத்தம் செய்திருந்தார்கள். கிழவியின் கத்தி உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவதுகூடக் கேட்டது. அந்தக் கிழவி, ரயிலடியில் தன் மகளின் கையை விட்ட இடத்தில் பேச்சை நிறுத்தினாள். அங்கே வெறும் மௌனம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

ஒரு விம்மல் கேட்டது. கிழவியின் உதடுகள் மூடியிருந்தன. கேமராவுக்கு வெகு அருகிலிருந்து ஓர் ஆண் தேம்பித் தேம்பி அழுதான்.

பிறகு பெல்லாவின் குரல், தணிவாக: "அழாத லூசியன். நான் இருக்கேன்ல."

நதாலி படத்தை நிறுத்தினாள். சொந்த அண்ணனைப் புதைத்தபோதுகூடக் கண் கலங்காதவர்! அவளுக்கு முத்தம் கொடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அழுகையைக் கொடுத்திருக்கிறாரே!

பெல்லாவுக்குப் போன் போட்டேன். "அவர் உங்ககிட்ட அழுதாரா?"

"எல்லா வீட்லயும் அழுவாரு, ஒடெட். பாரிஸுக்கு ரயில் ஏறுற அன்னிக்கு ஸ்டேஷன் குழாயில முகத்தைக் கழுவுவாரு. 'ஒடெட்டோட அம்மாவையும் இப்படித்தானே ரயில்ல ஏத்துனாங்க. அவ முன்னாடி நான் அழுதா அவ தாங்குவாளா?'ம்பாரு."

"என் முன்னாடி அழுதிருக்கலாமே, பாவி மனுஷன்!" என்றேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் பெல்லா. "ஆறு வருஷத்துல அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. வீட்ல சிரிப்பாரா? அத நெனச்சா உங்க மேல எனக்கு எப்பவும் பொறாமைதான்."

படிக்கட்டில் அந்தச் சீட்டி கேட்டது போலிருந்தது. வாசலில் அவர் சொன்ன ஜோக்குகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒன்றைச் சொன்னால் போதும், பெல்லா பூரித்துப் போயிருப்பாள்.

"எனக்கு ஞாபகமில்ல," என்று போனை வைத்தேன். அழுகை முழுவதையும் எடுத்துக்கொண்டவளுக்குச் சிரிப்பிலும் பங்கு தர என்னால் முடியாது.