மரத்துக்குப் பேர் சொன்ன பிள்ளைகள்

சிட்னி மெரிலேண்ட்ஸ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் சயந்தினி, போன கிழமை மேப்பிள் மரத்தில் இருந்து பாகு எடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது வாயை விட்டுவிட்டாள்.

"எங்கட முற்றத்தில நிக்கிறதும் மேப்பிள்தான். அதுக்குள்ளயும் இனிப்பு இருக்கு."

இந்தக் கிழமை வந்து பார்த்தால், மரப்பட்டையில் ஆணியால் குடைந்த ஓட்டை. அதில் ஒரு ஸ்ட்ரோ. அதன் கீழே வாயைத் திறந்தபடி லக்சிகா.

"ரீச்சர், ஒண்டும் வருகுதில்லை."

சயந்தினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் விருந்தாளியும் வந்து சேர்ந்தாள். வகுப்பில் படிக்கும் கஜீவனின் அம்மா டீனா, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. கனடாவின் பெரிய ஏரிக்கரைகளில் வாழும் அனிஷினாபே மக்களைச் சேர்ந்தவள். ரொறன்ரோவில் அருந்தவனைக் கலியாணம் கட்டி, பிறகு சிட்னிக்கு வந்தவள். மேப்பிள் பாகு பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி அவளைக் கேட்டதே சயந்தினிதான்.

டீனா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கீழே கிடந்த முள்ளுக்காய் ஒன்றைப் பொறுக்கினாள். சிரிப்பு வந்துவிட்டது.

"இது மேப்பிள் இல்லை, லிக்குவிடாம்பர். இலை மட்டும்தான் அந்த மாதிரி."

பாடம் போச்சு என்று நினைத்தாள் சயந்தினி. டீனாவோ ஓட்டையை விரலால் தடவிவிட்டுப் புல்லிலேயே இருந்துகொண்டாள். பிள்ளைகளும் சுற்றிவர இருந்தார்கள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சயந்தினி தமிழில் சொன்னாள்.

"எங்கட பக்கம் இப்ப பனி உருகுது. வாளியோட காட்டுக்குப் போவம். போன உடன ஓட்டை போடமாட்டம். முதல்ல மரத்துக்கு எங்கட பேரைச் சொல்லுவம். அடியில கொஞ்சம் புகையிலை காணிக்கையா வைச்சு, எடுக்கலாமோ எண்டு கேப்பம். சின்ன மரங்களைத் தொடமாட்டம், அதுகள் வளரவேணும். வாறது தண்ணி மாதிரித்தான் இருக்கும். நாற்பது வாளியைக் காய்ச்சினா ஒரு வாளி பாகு. தந்த மரத்துக்கு 'மீக்வெச்' எண்டு சொல்லுவம். நன்றி எண்டு அர்த்தம்."

லக்சிகாவின் உதடு துடித்தது. "நான் கேக்கேல்லையே."

"இப்ப போய்ச் சொல்லு. மரம் எங்கயும் போகேல்லைத்தானே" என்றாள் டீனா.

லக்சிகா எழும்பினாள். "ரீச்சர், மரத்துக்கு எத்தினை வயசு?"

"என்னைவிடக் கூட இருக்கும்."

"அப்ப அன்ரி எண்டுதான் கூப்பிடவேணும்." மரத்தைக் கட்டிப்பிடித்தாள். "மரம் அன்ரி, நான் லக்சிகா. ஓட்டை போட்டதுக்கு சொறி."

ஸ்ட்ரோவை மெதுவாக உருவி எடுத்தாள். உடனே மற்றப் பிள்ளைகளும் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பேர் சொல்ல, கஜீவன் பக்கத்தில் நின்று 'மீக்வெச்' உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தான்.

கடைசியில் டீனா தன் தமையன் காய்ச்சி அனுப்பிய சின்னப் பாகுப் போத்தலைத் திறந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி. விறகுப் புகை மணத்தோடு நாக்கில் இறங்கியது. காட்டுவதற்கென்று கடையில் வாங்கிவந்த போத்தலைச் சயந்தினி திரும்ப எடுத்துப் பார்த்தாள். 'மேப்பிள் சுவையூட்டியது' என்று சின்ன எழுத்தில் இருந்தது. சத்தம்போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பின்னேரம் லக்சிகாவின் அம்மா யோகா போன் எடுத்தாள்.

"சயந்தினி, என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்? கறிவேப்பிலை பிடுங்க விடுறாளில்லை. முதல்ல என்ர பேரைச் சொல்லட்டாம். குசினியில தாளிச்சது கருகிப் போச்சு!"

சயந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான். வேறென்ன செய்யிறது? பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால பாத்துக்கொண்டு நிண்டவர்!"