மீட்டர் கோலில் கட்டிய சாவி

நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கஷாயம் என்றால் மலர்க்கொடிக்கு அப்படியொரு நம்பிக்கை. கடலூர் முதுநகரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் சாமிக்கண்ணு பொட்டலம் கட்டிக் கொடுத்த நெருஞ்சில் முள்ளை விடியற்காலையில் நசுக்கிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்ட வைத்து, முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுத்தான் ரயிலேறுவாள். "இத குடிச்சா தண்ணி ஜாஸ்தியா குடிக்கணும்மா" என்று சாமிக்கண்ணு ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் இவள் தலையை ஆட்டுவாள். ஆட்டுவதோடு சரி. சிதம்பரத்தில் இறங்கி, மேல வீதியிலுள்ள அந்த மூன்று மாடி ஜவுளிக்கடைக்குள் கால் வைத்தால், ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை அவள் தொண்டையை நனைப்பது மத்தியானச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர்தான்.

காரணம் ஒரு சாவி. கடையில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை மூன்றாவது மாடியில், குடோனுக்குப் பக்கத்தில். பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. அதில் உடைந்த பொம்மைகளும் காலி அட்டைப் பெட்டிகளும் குடியிருந்தன. எப்போதோ ஒரு தடவை யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போக, தண்ணீர் வழிந்து இரண்டு பண்டல் பட்டு நனைந்துவிட்டது. அன்றிலிருந்து கதவுக்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசர் பாலகுமாரின் மேஜையில். சாவி இரண்டு முறை காணாமல் போனதும் அவர் ஒரு யோசனை செய்தார். ஜாக்கெட் துணி அளக்கும் இரும்பு மீட்டர் கோல் ஒன்றின் நுனியில் சாவியைக் கம்பி போட்டு இறுகக் கட்டிவிட்டார். இனிமேல் தொலையாதில்லையா!

தொலையவில்லை. ஆனால் அந்தக் கோலை எடுத்துக்கொண்டு ஒருத்தி மாடியேறினால், வாடிக்கையாளர், விற்பனைக்கு நிற்கும் ஆண்கள், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று எல்லோருக்கும் அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துவிடும். மறுபடி எடுத்தால் "என்னாம்மா, இப்பதான போன?" என்பார் பாலகுமார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது வெறும் கேள்வி. கேட்கப்பட்டவளுக்கோ அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும்.

அதனால் கடையில் வேலை பார்த்த பதினான்கு பெண்களும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. அந்தக் குறையைக் கை வைத்தியத்தால் ஈடுகட்டினார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தில் அந்த அறையைப் பார்க்க வேண்டும், பாதி மருந்துக்கடைதான். புடவைப் பிரிவில் இருக்கும் இளவரசி மலச்சிக்கலுக்குக் கடுக்காய்ப் பொடி கொண்டுவருவாள். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ப்ரீத்தி, முகப்பருவுக்காக வேப்பிலைக் கொழுந்தை உருட்டி விழுங்குவாள். ஒருத்தியிடம் தலைவலிக்குச் சுக்கு, இன்னொருத்தியிடம் உடம்புச் சூட்டுக்கு ஊறவைத்த வெந்தயம். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் மறுநாள் அது அந்த மேஜைக்கு வந்துவிடும். எல்லா மருந்தையும் தேடித் தேடிச் சாப்பிட்டார்கள், தண்ணீர் ஒன்றைத் தவிர.

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரத்தில் மலர்க்கொடிக்கு மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்தது. இந்தத் தடவை தனியாக வரவில்லை. குளிர் காய்ச்சலையும் விலாவில் குத்தும் வலியையும் கூட்டிக்கொண்டு வந்தது. கஷாயத்தை இரண்டு வேளையாக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. கடலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனபோது, அந்த அம்மாள் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"கஷாயம் குடிச்சீங்க, சரி. தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?"

"அரை டம்ளர் டாக்டர். வேலை நேரத்துல."

"பன்னண்டு மணி நேரத்துக்கு அரை டம்ளரா! அந்தக் கஷாயம் வெளிய தள்ளப் பாக்குது, நீங்க உள்ள அடக்கி வெக்கிறீங்க. உடம்பு என்னாதாம்மா பண்ணும்?" மாத்திரை எழுதினார். ஏழு நாளும் விடாமல் போட வேண்டும். தினமும் இரண்டரை லிட்டர் தண்ணீர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆக வேண்டும். "இப்பவே கிட்னி வரைக்கும் போயிருக்கு. இன்னொரு வாட்டி இப்படி வந்தா அது தாங்காது. முடியலன்னா அந்த வேலைய வுட்டுடுங்க."

வேலையை விடுவதாவது! பதினோரு வருடமாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். படியேறி வரும் பெண்ணின் நிறத்தையும் நடையையும் பார்த்தே, பொருந்துவது மாம்பழ மஞ்சள் புடவையா, கத்திரிப்பூ நிறமா என்று சொல்லிவிடுவாள். அவள் எடுத்துப் போடும் மூன்றாவது புடவையைத் தாண்டி யாரும் கேட்டதில்லை. கல்யாணக் கூட்டங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகின்றன. அந்த வேலை அவளுடைய கர்வம். ஒரு பூட்டுக்காக அதை விட வேண்டுமா, அல்லது கிட்னியை விட வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

புருஷன் குப்பன் கடலுக்குப் போய் வந்த களைப்பில் வலையைப் பிரித்துக்கொண்டே கதையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "கடல்ல எங்களுக்கு ஏது பூட்டு, ஏது சாவி? படகு ஓரத்துல நின்னா முடிஞ்சிது. யார்கிட்டயும் கேக்க வாணாம்."

"சிரிக்காத மாமா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"சரி, நீ போயி மொதலாளிகிட்ட சொல்லேன்."

"நான் ஒருத்தி போயி சொன்னா, அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வூட்ல இருக்கட்டும்னுவாங்க. கரைவலைய ஒரு ஆளு இழுக்க முடியுமா?" என்று சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். சொன்ன வார்த்தை அவளுக்கே புதிதாகக் கேட்டது. "மாமா, படகுல தண்ணி எடுத்துட்டுப் போவியே, அந்த கேன் ரெண்டு வேணும்" என்றாள்.

காய்ச்சல் விட்டு, மாத்திரை முடிந்து, ஆவணியின் முதல் முகூர்த்த ஞாயிறு வந்தது. கடைக்கு அதைவிடக் கூட்டமான நாள் கிடையாது. அன்று காலை மலர்க்கொடி ரயிலில் இரண்டு பெரிய கேன் நிறையச் சீரகத் தண்ணீரோடு ஏறினாள். பரங்கிப்பேட்டையில் ஏறிய ப்ரீத்தி கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"நெருஞ்சிலாக்கா?"

"ஊருக்கே கஷாயம் ஊத்த நான் என்ன டாக்டரா? வெறும் சீரகத் தண்ணிதான். ஆளுக்கு ரெண்டு சொம்பு. குடிக்கணும், வந்தா போவணும். வேற ஒண்ணும் செய்ய வாணாம்."

"பாலகுமார் சார் கேப்பாரேக்கா."

"கேக்கட்டும். சத்தமா பதில் சொல்லு."

கடை திறக்கும்போது ஒரு சொம்பு. பத்தரை மணிக்கு இன்னொரு சொம்பு. முதலில் தயங்கிய இளவரசியே மூன்றாவது சொம்பு கேட்டு வாங்கினாள், வெயில் அப்படி. பதினோரு மணிக்குப் பட்டுப் பிரிவில் நிற்க இடமில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு கல்யாணக் கூட்டம் மலர்க்கொடியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா குணசுந்தரி, கூறைப்புடவையை விரல் நுனியில் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ப்ரீத்தி பாலகுமாரின் மேஜைக்குப் போனாள். இரண்டு வருடமாக அந்த மேஜையில் தலை குனிந்து முணுமுணுத்த பெண், அன்று மாடி முழுக்கக் கேட்கும்படி, "சார், பாத்ரூம் போவணும். சாவி குடுங்க" என்றாள். பாலகுமார் திடுக்கிட்டுக் கோலை நீட்டினார். அவள் படியேறும் முன்பே அடுத்தவள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஐந்து நிமிடத்தில் மேஜையிலிருந்து படிக்கட்டு வரை ஒன்பது பேர் வரிசை.

"என்னா இது? கஸ்டமர் நிக்கிறாங்க! ரெண்டு பேர் போங்க, மத்தவங்க அப்புறம் போலாம்."

"அப்புறம்னா எப்ப சார்?" என்றாள் இளவரசி. "டைம் சொல்லுங்க. வயித்துகிட்ட சொல்லிப் பாக்கறேன்."

வரிசையில் சிரிப்பு வெடித்தது. பாலகுமாருக்கு முகம் சிவந்தது. மலர்க்கொடிக்கும் தாங்கவில்லை. அது நாடகமில்லை, குடித்த தண்ணீர் நிஜத் தண்ணீர். "அம்மா, அஞ்சு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று குணசுந்தரியிடம் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள். இன்றைக்கு இது பிசகினால் நாளைக்கு வேலை இல்லை.

அஞ்சு நிமிஷம் கால் மணியானதும் குணசுந்தரி எழுந்து தேடிக்கொண்டு வந்துவிட்டார். "என்னாம்மா, கோயில் மாதிரி வரிசை?"

"எல்லாருக்கும் ஒரே சாவிம்மா. அந்தக் கோல்ல கட்டியிருக்கு. அது கீழ வந்தாதான் அடுத்த ஆளு போவ முடியும்."

குணசுந்தரி வாய் பிளந்தார். பிறகு சட்டென்று வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். "காலைலேருந்து நாலு கடை ஏறி எறங்கியாச்சு. எனக்கும் போவணும்." அவருடைய நாத்தனார் பின்னால் வந்தார். பிறகு கல்யாணப் பெண். பிறகு யாரென்றே தெரியாத இரண்டு பெண்கள். எத்தனை பெண்கள் அடக்கிக்கொண்டு அந்தக் கடையில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கீழே கல்லாவிலிருந்து கேமராவில் பார்த்த முதலாளி பழனிவேல், ஆளில்லாத கவுண்டர்களைக் கண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "ஸ்ட்ரைக் பண்றாங்க மொதலாளி" என்றார் பாலகுமார். "எல்லாம் இந்த மலர்க்கொடி வேலை. கேன்ல தண்ணி கொண்டாந்து ஊத்திக் குடுத்துருக்கு."

முதலாளி அவளைப் பார்த்தார். வரிசையில் நின்ற எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மலர்க்கொடி வரிசையிலிருந்து ஒரு எட்டு வெளியே வந்தாள்.

"ஸ்ட்ரைக் எல்லாம் இல்லீங்க. யாரும் வேலைய நிறுத்தல. தண்ணி குடிச்சோம், அவ்ளோதான்."

"தண்ணி குடிக்க வாணாம்னு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்தக் கோலு சொல்லுது. இதத் தூக்கிட்டு அத்தினி ஆம்பளைங்க முன்னாடி நடக்கறதுக்கு வெக்கப்பட்டே பதினோரு வருஷமா நான் தண்ணி குடிக்கல. தோ பாருங்க." ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, நான்காக மடித்த டாக்டர் சீட்டை நீட்டினாள். "இன்னொரு வாட்டி வந்தா கிட்னி தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. வேலைய வுட்டுடச் சொன்னாங்க. நான் வுட மாட்டேங்க. நான் எதுக்கு வுடணும்? பூட்ட எடுங்க."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதற்குள் மேலேயிருந்து இறங்கி வந்த ஒருத்தியிடமிருந்து கோலை வாங்கிய குணசுந்தரி, அதை முதலாளியின் கையிலேயே வைத்தார். "ஏங்க மொதலாளி, உங்க வூட்டுப் பொம்பளைங்களும் இதத் தூக்கிட்டுத்தான் போறாங்களா?"

பழனிவேல் அதை வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு மீட்டர் இரும்பை எப்படிப் பிடிப்பது? தோளில் சாய்த்தால் காவல்காரர் போலிருந்தது. கீழே தொங்கவிட்டால் சாவி தரையில் உரசிக் கிணுங்கியது. மொத்த மாடியும் அவரையே பார்த்தது. வேட்டிப் பிரிவில் யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். முதலாளியின் காது மடல் சிவந்து போனது. அரை நிமிடம்தான் பிடித்திருந்தார். அந்த அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

"பாலகுமார்" என்றார், குரல் இறங்கிப்போய். "பூட்ட எடுத்துடுய்யா. அந்தக் கொழாய்க்கு இன்னிக்கே வாஷர் போடச் சொல்லு. பக்கத்து ரூம்ல கெடக்கற பொம்மைங்கள எல்லாம் காலி பண்ணி, அதையும் தெறந்து வுடு."

"ஞாயித்துக்கெழம மொதலாளி, ஆளு..."

"நீதான்யா ஆளு."

அன்று மத்தியானம் பாலகுமார் தலையில்லாத பொம்மைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை அந்தக் கடைப் பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு பொம்மை இறங்கும்போதும் இளவரசி, "இப்பதான சார் போனீங்க?" என்று கேட்டாளாம். கடைசி இரண்டு பொம்மைகளுக்கு அவரே சிரித்துவிட்டார். குணசுந்தரி கூட்டம், மலர்க்கொடி எடுத்துப் போட்ட மூன்றாவது புடவையைத்தான் கூறைக்கு எடுத்தது.

மறுநாள் காலை பட்டுப் பிரிவின் தூணோரம் ஒரு தண்ணீர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வந்திருந்தன. மலர்க்கொடி ஒரு டம்ளர் நிரப்பி, பாலகுமாரின் மேஜைக்கு நேர் எதிரே நின்று, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். இன்னொன்று நிரப்பினாள். அதையும் குடித்தாள். பதினோரு மணிக்குப் பாலகுமார் அவளிடம் வந்தார்.

"மலர்க்கொடி, அந்த மீட்டர் கோல் உங்ககிட்ட இருக்கா? ஜாக்கெட் துணி அளக்கணும்."

முதலாளி கீழே வைத்துவிட்டுப் போனதை எடுத்து, கம்பியை முறுக்கிக் கழற்றி, சாவியைக் குப்பைக்கூடையில் போட்டு, கோலைத் துணியால் துடைத்து அவள் ஏற்கெனவே வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். "அளந்துக்குங்க சார். எனக்கு இனிமே வாணாம்."

பிறகு மூன்றாவது மாடிக்குக் கிளம்பினாள். வேட்டிப் பிரிவைத் தாண்டி, சுடிதார் பிரிவைத் தாண்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.