தையல்காரரின் வலது கால்

"வலிக்குதா?" பல் டாக்டரம்மா கம்பியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார்.

"இல்ல" என்றார் தையல்காரர், திறந்த வாயோடு.

சுவரோரம் மனைவி பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. திங்கட்கிழமை அவருக்கு இதய வால்வை மாற்றப்போகிறார்கள். அதற்குமுன் பல்லில் கோளாறில்லை என்று ஒரு கையெழுத்து வேண்டுமாம். நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று மனிதர் வழியெல்லாம் முணுமுணுத்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆளுக்கு முணுமுணுக்க மட்டும் மூச்சு எங்கிருந்துதான் வருமோ. "நீ எதையும் உளறி வைக்காத. தேதி போயிடும்" என்று வாசலிலேயே அவளுக்கு வாய்ப்பூட்டும் போட்டாயிற்று.

அடுத்தது கீழ்க் கடைவாய். வருஷக்கணக்காக நூலைக் கடித்து அறுத்த பக்கம்.

"இல்ல."

சொன்னது வாய். வலது பாதமோ நாற்காலியின் கால்பலகையில் அழுந்தியது. கத்தரி கிழித்தாலும் இஸ்திரிப்பெட்டி சுட்டாலும் 'ஆ' என்று சொல்லத் தெரியாத பிறவி அவர். மெஷின் மிதியை அழுத்துவதுபோல் அந்தக் கால் மட்டும் கீழே போகும். அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சொன்னால் தேதி போகும், இன்னொரு தேதி வரும்வரை இந்த நெஞ்சு தாங்குமா? சொல்லாவிட்டால்? இரண்டு பக்கமும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"டாக்டர், அந்தப் பல்ல இன்னொரு தடவ பாருங்க."

அவர் முறைத்த முறைப்பை அவள் பார்க்கவில்லை, பையையே பார்த்தாள்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மிளகளவு கறுப்பு. "வேர்ல சீழ் கட்டியிருக்கு. இங்கேருந்து கிருமி ரத்தத்துல கலந்து புது வால்வுல போய் ஒட்டிக்கலாம். மொதல்ல பல்ல எடுக்கணும்."

"திங்கக்கிழம?" அவள்தான் கேட்டாள்.

"இதய டாக்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்." டாக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" தையல்காரரின் குரலில் கோபம்கூட இல்லை.

சொல்லிவிட்டால் இனி அந்தக் காலையும் அடக்கிக்கொள்வார். பிறகு அவரைப் பற்றி எதைக் கொண்டு தெரிந்துகொள்வது?

"சும்மா, தோணிச்சு" என்றாள்.

ஜன்னலோரம் டாக்டரம்மா "சரி சார்... எத்தன வாரம்?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. வலது பாதம் மெல்லக் கீழே அழுந்தியது. மேலே வரவேயில்லை.